சிப்பியா, பாலா, மொட்டா? கொங்கு நாட்டுச் சாளைக்கு எந்தக் காளான் ஒத்துவரும்

காளான் போடலாம் என்று இறங்குபவர்கள் முதலில் விசாரிப்பது விலையைத்தான். விலையிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் மொட்டுக் காளானில் போய் நிற்போம், கொங்குச் சமவெளியில் அது பலரைக் கடனில் விட்டுவிடும். விலைக்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். காலை 6 மணிக்குப் பறித்த காளான் எத்தனை மணி நேரத்தில் வாங்குபவர் அடுப்புக்குப் போய்ச் சேரும்? சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு உங்கள் சாளைக்குள், அதாவது தோட்டத்துக் கொட்டகைக்குள், எத்தனை டிகிரி இருக்கும்? எந்தக் காளான் என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. விலை அதற்குப் பிறகு.

வளர்க்கக் கிடைப்பவை நான்கு: சிப்பிக் காளான், பால் காளான், மொட்டுக் காளான், வைக்கோல் காளான். இதில் இரண்டை வேகமாகத் தள்ளிவிடலாம்.

மொட்டுக் காளானுக்கு வித்து (தானியத்தில் வளர்த்த காளான் இழை) பரவும்போது 23 முதல் 25 டிகிரியும், காளான் எழும்போது 14 முதல் 18 டிகிரியும் வேண்டும். கோவையில் மார்கழிப் பகலே 28, 29 டிகிரியைத் தொடும். அதனால் ஆண்டு முழுக்கக் குளிர்சாதனம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அதற்கு டீசல். இதுபோக, வெறும் வைக்கோலில் இது வளராது, மட்க வைத்த கம்போஸ்ட் வேண்டும். வைக்கோல், கோழி எரு, தவிடு, ஜிப்சம் கலந்து குவித்து, திரும்பத் திரும்பக் கிளறி, நீராவியில் 58 முதல் 60 டிகிரியில் பல மணி நேரம் வைத்து, அமோனியா வாடை அடியோடு போன பிறகுதான் வித்துப் போடலாம். நாமக்கல்லில் கோழி எரு மலிவு என்பதால் கணக்குச் சரியாக வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. எரு மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கு, குளிரூட்டும் செலவுதான் ஆளைத் தின்னும். இயற்கையாகவே குளிர்ந்த நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்கும் சரக்கோடு சமவெளிச் சாளை போட்டி போடுவது கடினம். பெரிய முதலீட்டோடு தொழிற்சாலை மாதிரி நடத்துபவர்களுக்கு மொட்டு சரி. தோட்டத்துச் சாளையில் 300 சதுர அடி வைத்திருப்பவர் அதைத் தொடவே வேண்டாம்.

வைக்கோல் காளான் இதற்கு நேர் எதிர். 30 முதல் 35 டிகிரி வெப்பம் அதற்குப் பிடிக்கும், 10, 12 நாளில் பறிப்பு வந்துவிடும், சுவையும் அருமை. ஆனால் 100 கிலோ வைக்கோலுக்கு 10 முதல் 15 கிலோதான் தேறும். முட்டை வடிவில் இருக்கும்போதே பறிக்க வேண்டும், காலையில் விட்டால் மாலைக்குள் விரிந்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் நீர்விட்டுக் குழைந்து போகும். வீட்டுக் குழம்புக்கு இரண்டு படுக்கை போட்டுப் பாருங்கள், சந்தைக்கு வேண்டாம்.

மீதி இருப்பவை சிப்பியும் பாலும். உண்மையான போட்டி இவை இரண்டுக்கும்தான்.

சிப்பிக் காளான்: எளிது, ஆனால் காத்திருக்காது

சிப்பியின் பலம், தவறு செய்தாலும் ஓரளவு பொறுத்துக்கொள்வது. 23 முதல் 28 டிகிரியில் நன்றாக வரும், 30ஐத் தாண்டினால் விளைச்சல் இறங்கும். காற்றில் ஈரம் 80 முதல் 85 சதவீதம் நிற்க வேண்டும். புதிய, பொன்னிறமான, மழையில் நனையாத வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 4, 5 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, 80 டிகிரிக்கு மேல் கொதிநீரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். பிறகு சுத்தமான தரையில் பரப்பி நிழலில் உலர்த்தலாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள்: உள்ளங்கை நனைய வேண்டும், விரலிடுக்கில் சொட்டு விழக்கூடாது. அதுதான் 65 சதவீத ஈரம். ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் இந்த நிலையில் இரண்டரை முதல் மூன்று கிலோ எடை வரும்.

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள பாலிதீன் பையின் அடியைச் சணலால் கட்டி, நடுவில் இரண்டு பக்கமும் ஒரு செ.மீ. துளை போடுங்கள். 5 செ.மீ. வைக்கோல், அதன் ஓரத்தைச் சுற்றி வித்து, மறுபடி வைக்கோல் என்று நான்கைந்து அடுக்கு. 250, 300 கிராம் வித்துப் பொட்டலம் ஒன்று இப்படி நிரப்பிய இரண்டு பைக்கு, அதாவது இரண்டு படுக்கைக்குப் போதும். வைக்கோலைக் கையால் அழுத்தி நிரப்புவது முக்கியம். தளர்வாக விட்டால் உள்ளே இடைவெளி விழும், வெள்ளை இழை அதைத் தாண்டிப் பரவாது. இருட்டு அறையில் 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெளுத்துவிடும். அப்புறம் பையைக் கிழித்து, வெளிச்சமும் காற்றும் உள்ள அறையில் உறி கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால் மூன்று நான்கு நாளில் மொட்டு, அடுத்த மூன்று நாளில் பறிப்பு. வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டாவதும் மூன்றாவதும் வரும். மொத்தம் 45 நாள். நன்றாக நடந்தால், போட்ட காய்ந்த வைக்கோலின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான எடையில் காளான் கிடைக்கும்.

வைக்கோலைக் கொதிநீரில் வைப்பதா, மருந்தில் ஊறவைப்பதா என்ற கேள்வி எப்போதும் வரும். 100 லிட்டர் தண்ணீருக்கு 7.5 கிராம் கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லி, 125 மில்லி ஃபார்மலின் கலந்து 16 முதல் 18 மணி நேரம் ஊறவைக்கும் முறை பரவலாக உண்டு. விறகுச் செலவு இல்லை, வேலையும் குறைவு. ஆனால் ஃபார்மலின் கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும், அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் எங்கே கொட்டுவது என்பதும் சிக்கல். குழந்தைகள் நடமாடும் வீட்டை ஒட்டிச் செய்பவர்கள் கொதிநீரையோ நீராவியையோதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை என்பது எங்கள் நிலை. தென்னை மட்டையும் பாளையும் எரிக்கக் கிடைக்கும் ஊரில் விறகு ஒரு சாக்கே அல்ல.

படுக்கை கெடுவதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். பச்சைத் திட்டு விழுந்தால் வைக்கோல் பழசு, அல்லது சூடு போதவில்லை, அல்லது கை சுத்தமில்லை. அந்தப் பையை அன்றைக்கே சாளையை விட்டுத் தூரமாக எடுத்துப்போய்ப் புதைக்க வேண்டும், கிள்ளி எறிந்துவிட்டு அங்கேயே தொங்கவிடக் கூடாது. மெலிந்த தண்டோடு குடை குடையாக முளைத்து ஒரே நாளில் கறுத்து மையாக ஒழுகுகிற வேற்றுக் காளான் வந்தால் வைக்கோலில் ஈரம் மிஞ்சிவிட்டது, வெந்ததும் போதவில்லை. காளானின் தண்டு நீண்டு தலை சிறுத்தால் காற்றோட்டம் இல்லை. ஓரம் மஞ்சளாகி வெடித்தால் ஈரம் போதாது. தலையில் பழுப்புப் புள்ளி விழுந்து பிசுபிசுத்தால் தெளித்த தண்ணீர் காயாமல் மேலேயே நிற்கிறது.

சிப்பியிடம் இரண்டு குறைகள். பறித்த காளான் அறை வெப்பத்தில் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. காலையில் பறித்தது மாலைக்குள் கைமாறியாக வேண்டும், குளிர்பெட்டி இருந்தால் கூடுதலாக இரண்டு மூன்று நாள். இன்னொன்று, தலை முழுதாக விரிந்த சிப்பி கொட்டும் வெள்ளைத் தூள். அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமல், மூச்சிரைப்பு, சிலருக்குக் காய்ச்சல்கூட வரும். ஓரம் உள்நோக்கிச் சுருண்டிருக்கும்போதே பறித்துவிடுவது, உள்ளே நுழைய அரை மணி முன்னால் கதவைத் திறந்து விடுவது, நல்ல முகக்கவசம் போடுவது, இவை மூன்றும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் சிப்பி அறையை வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பாலுக்கு மாறுவதும் சரியான முடிவுதான்.

பால் காளான்: வெயிலின் பிள்ளை

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998இல் வெளியான ஏ.பி.கே. 2 என்ற ரகம்தான் வெயில் ஊர்களில் காளான் தொழிலையே நிலைநிறுத்திக் காட்டியது. 30 முதல் 35 டிகிரி அதற்குச் சுகம், 38 வரை தாங்கும். பறித்த பிறகு குளிர்பெட்டி இல்லாமலே நான்கைந்து நாள் நிற்கும். கரூரில் பறித்ததைத் திருப்பூருக்கு அனுப்பி, அங்கே கடையில் மறுநாளும் வைத்து விற்கலாம். சிப்பியில் நினைத்துப் பார்க்க முடியாத வசதி இது.

வைக்கோல், வித்து, பை, அடுக்கு எல்லாம் சிப்பியைப் போலவே. வேறுபாடு 15 நாளுக்குப் பிறகு தொடங்குகிறது. வெளுத்த படுக்கையைக் குறுக்கே பாதியாக வெட்டி இரண்டு தொட்டி மாதிரி ஆக்கி, வெட்டிய முகத்தின் மேல் மண் போட வேண்டும். மேல்மண் போடாமல் பால் காளான் ஒழுங்காக எழும்பாது. தோட்ட மண்ணைச் சலித்து, 10 கிலோவுக்கு 200 கிராம் சுண்ணாம்புத் தூள் (கால்சியம் கார்பனேட்) கலந்து, நனைத்து, ஒரு மணி நேரம் நீராவியில் அவித்து, ஆறிய பிறகு 2 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். வெறும் செம்மண் காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும், மொட்டு அதை முட்டிக்கொண்டு வரத் திணறும். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை உப்புப் போக நன்றாகக் கழுவி, மண்ணோடு கலந்தால் ஈரம் நிற்கும், இறுக்கமும் குறையும்.

மண் போட்டு 8 முதல் 10 நாளில் குண்டூசித் தலை அளவில் மொட்டு தெரியும், அடுத்த ஒரு வாரத்தில் பறிக்கலாம். தரையை இரண்டு மூன்று அடி தோண்டி இறக்கி, மேலே நீல நிற சில்பாலின் விரிப்பை வளைத்துக் கட்டிய குடில் இதற்கு ஏற்றது. பாதி மண்ணுக்குள் இருப்பதால் ஈரம் வெளியே ஓடாது. மூன்று பறிப்புக்குச் சுமார் 50 நாள். நன்றாகக் கவனித்தால் வைக்கோலின் எடையைத் தாண்டியே விளைச்சல் வரும்.

இதில் நட்டமாகும் காசு பெரும்பாலும் மேல்மண்ணில்தான் போகிறது. சரியாக அவிக்காத மண்ணில் சிலந்திவலை மாதிரி பூசணம் பரவி ஒரே இரவில் மொட்டுகளை மூடிவிடும். தண்ணீரை ஊற்றினால் மண் வழியாக இறங்கி அடியில் வைக்கோல் அழுகும், கைத்தெளிப்பானில் பனிபோலத் தெளிக்க வேண்டும். இரவில் 25 டிகிரிக்குக் கீழே போனால் மொட்டு பழுத்துச் சுருங்கும். கோவைக்கு மேற்கே கார்த்திகை, மார்கழியில் இது அடிக்கடி நடக்கும், வித்தின் மேல் பழி போடுவார்கள். வித்தை வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைப்பது இன்னொரு தவறு. சிப்பி வித்து அதைத் தாங்கும், பால் வித்து தாங்காது.

ஊர் எது என்பதைப் பொறுத்து

கொங்கு நாடு முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று பொள்ளாச்சி, ஆனைமலை, தொண்டாமுத்தூர் பக்கம் சாரலும் குளிர்ச்சியுமாக வரும். அதே காற்று காங்கயம், தாராபுரம், மூலனூர் தாண்டும்போது ஈரத்தை எல்லாம் இழந்துவிடும். மேற்கே ஓலைச் சாளையில் ஆண்டில் எட்டொன்பது மாதம் சிப்பி ஓட்டலாம், பங்குனி முதல் வைகாசி வரை மட்டும் பால் போட்டால் போதும். கிழக்கே அந்தக் காற்று நாலு மணி நேரத்தில் சாளையில் நனைத்துக் கட்டிய சாக்குத் திரையைக் காயவைத்துவிடும், சாளையின் மேற்குப் பக்கத்தை முழுதாக அடைக்காமல் சிப்பி எடுக்க முடியாது. காங்கயம், வெள்ளகோவில், கரூர், நாமக்கல்லில் மாசி முதல் புரட்டாசி வரை பால், ஐப்பசி முதல் தை வரை சிப்பி என்று வைத்துக்கொள்வது நல்லது. வைக்கோல் கொதிகலனும் இருட்டறையும் இரண்டுக்கும் பொது, மாற்றுவதற்குப் புதுச் செலவாகக் குடிலும் மண் அவிக்கும் டிரம்மும் மட்டுமே.

வைக்கோலுக்குக் கீழ்பவானி, அமராவதிப் பாசனப் பகுதியை நம்பலாம். கோபி பக்கம் அறுவடை முடிந்ததும் ஆறு மாதத் தேவையை ஒரே முறையாக வாங்கிக் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுங்கள். சோளத்தட்டிலும் சிப்பி வரும், ஆனால் காங்கயம் வட்டாரத்தில் அது மாட்டுக்கே போதாது.

தண்ணீரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைத் தண்ணீரில் வைக்கோலை ஊறவைத்தால் இழை மந்தமாகப் பரவும், தெளித்தால் காளானின் மேல் படிந்து நிறம் கெடும். நொய்யலின் கீழ்ப்பகுதியில் சாயக்கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. குடிக்க ஆகாத தண்ணீர் காளானுக்கும் ஆகாது.

யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள்

கோவை, திருப்பூர், ஈரோட்டில் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் விற்கும் ரோட்டுக்கடை காளானைப் பார்த்துவிட்டு, அதுதான் பெரிய சந்தை என்று கணக்குப் போடாதீர்கள். தட்டில் இருப்பதில் பெரும்பகுதி முட்டைக்கோசும் மாவும்தான். பொரித்து, கொத்தி, மசாலாக் கரைசலில் வேகவிட்டு, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். அதில் சேரும் கொஞ்சக் காளானும் பெரும்பாலும் மொட்டு. சிப்பி அந்தக் கலவையில் கரைந்துவிடும். உங்கள் வாடிக்கையாளர் வீட்டுச் சமையல்காரரும் மெஸ் நடத்துபவரும் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரும்தான்.

இவர்களுக்கும் ஒரே காளான் ஒத்துவராது. சிப்பி வாணலியில் விழுந்ததும் நீர்விடும். அதனால் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் வறுவலுக்கு, கையால் நாராகக் கிழித்து, மூடி போடாமல் பெருந்தீயில் நீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். கத்தியால் நறுக்கினால் வெட்டிய முகம் வழியாக இன்னும் நீர் வடியும். பால் காளானின் தண்டு கெட்டியானது, ஒரு அங்குலத் துண்டாக வெட்டினாலும் உருக்குலையாது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு மட்டும் சேர்க்கும் பள்ளிபாளையம் வகை வறுவலுக்கும், நூறு பேருக்குச் செய்யும் பிரியாணிக்கும் பால்தான் பொருந்தும். அடியில் அரை மணி நேரம் தம்மில் இருந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். மெஸ்காரரிடம் பேசும்போது ஒரு கிலோ சமைத்துப் பார்க்கக் கொடுத்துவிடுங்கள், விலையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஆர்.எஸ். புரம், ஈரோடு சம்பத் நகர் போன்ற உழவர் சந்தைகளில் விற்க விவசாயி அடையாள அட்டை வேண்டும், படுக்கை போடுவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். 200 கிராம் சிப்பியைத் துளையிட்ட பையில் போட வேண்டும். துளையில்லாத பையில் வியர்த்து மதியத்துக்குள் பிசுபிசுக்கும். விற்காமல் மிஞ்சிய சிப்பியை அன்றைக்கே வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவைத்தால் 10 கிலோ ஒரு கிலோவாகும், சூப்புப் பொடிக்குப் போகும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் அதுவும் இல்லை.

மழை இடித்துப் பெய்த பிறகு வரப்பில் முளைக்கும் புற்றுக் காளானை வளர்க்க முடியாதா என்று கேட்காதவர் இல்லை. அதன் சுவைக்கு வேறெதுவும் ஈடில்லைதான். ஆனால் அது கரையான் புற்றுக்குள் கரையான் பேணும் பூசணத் தோட்டத்திலிருந்து எழுவது, கரையான் இல்லாமல் படுக்கையில் வராது. அதைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: மஞ்சள் போட்டு வேகவைத்தால் நஞ்சு தெரிந்துவிடும், வெள்ளிக் காசு கறுத்தால் விஷம் என்பதெல்லாம் பொய். புல்வெளியிலும் எருக்குழி ஓரத்திலும் பெரிய வெள்ளைக் குடையாக முளைத்து, முதிர்ந்ததும் அடிமடல் பச்சையாகும் ஒரு காளான் உண்டு. பார்க்க நல்லதுபோல இருக்கும், தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் பேதியும். அடையாளம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாமல் காட்டுக் காளானைப் பறிக்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.

எப்போது தொடங்குவது

நாள்தோறும் 10 கிலோ காய்ந்த வைக்கோலுக்குப் படுக்கை போட்டால், இரண்டு மாதத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ சிப்பி வரத் தொடங்கும். அதை முழுதாக விற்கும் வழி தெரியாதவரை 3 கிலோ வைக்கோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 100 படுக்கை போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நாற்பது கிலோ காளான் ஒரே வாரத்தில் வந்து குவியும், அடுத்த வாரம் கடைக்காரருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது.

வித்தை வெள்ளை இழை முழுதாகப் பரவியதாக, 15 முதல் 25 நாள் வயதுடையதாகப் பார்த்து வாங்குங்கள். பச்சையோ கறுப்போ தெரிந்தால், புளித்த வாடை வந்தால் வாங்க வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் பயிற்சியும் உண்டு, வித்தும் கிடைக்கும்.

இந்தப் பகுதியில் தேவை உச்சத்துக்குப் போவது புரட்டாசியில், கறி சமைக்காத வீடுகள் கூடும்போது. விரத நாளில் காளானும் சேர்க்காத குடும்பங்கள் உண்டு என்பதால் சனிக்கிழமையை விட மற்ற நாள் விற்பனையை நம்புங்கள். புரட்டாசி முதல் தேதி செப்டம்பர் 17 வாக்கில் வரும். அன்றைக்குச் சிப்பி கையில் இருக்க வேண்டுமானால் ஆவணி முதல் வாரத்தில் படுக்கை போட வேண்டும். பால் காளான் என்றால் மேல்மண்ணுக்கான நாளையும் சேர்த்து ஆடி கடைசி வாரத்தில் போட வேண்டும், வித்துக்கு ஆடி பிறக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும்.